பிழை பொறுக்கும் அயர்ன்: எந்தப் பிழையை, எவ்வளவு?

கோல்ஃபில் ஹேண்டிகேப் (திறனைக் காட்டும் எண், குறையக் குறைய ஆட்டம் சிறந்தது) 12 முதல் 18 வரை உள்ள ஆட்டக்காரர் புது அயர்ன் (எஃகுத் தலைக் கிளப்) செட் பார்க்கக் கடைக்குப் போனால், முதலில் கையில் தரப்படுவது 7 அயர்ன். நாலைந்து பந்து அடித்ததும் திரையில் தூரம் தெரிகிறது. பழைய கிளப்பில் 140 கெஜம் போனது, புதியதில் 155 கெஜம் போகிறது. அத்தோடு பேச்சு விலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்தக் கூடுதல் 15 கெஜத்தில் பெரும்பங்கு, லாஃப்ட் எனப்படும், பந்தில் படும் முகத்தின் சாய்வை நிமிர்த்தியதால் வந்தது. அயர்னின் எண் குறையக் குறையச் சாய்வு குறையும்; பழைய 6 அயர்னின் சாய்வில், சில மாடல்களில் 5 அயர்னின் சாய்வில், ஒரு கிளப்பைச் செய்து அதன் அடியில் 7 என்று பொறித்திருக்கிறார்கள். சரியாகப் படாத பந்தை அந்தக் கிளப் எப்படி நடத்தும் என்பதைப் பற்றி 155 என்ற எண் எதுவும் சொல்லாது.

2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 சுற்றுகளை எடுத்துத்தான் ஹேண்டிகேப் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஹேண்டிகேப் 15 என்பது ஒருவரின் நல்ல நாட்களின் கணக்கு. மற்ற 12 சுற்றுகளில் நடப்பவைதான் அயர்ன் பொறுத்துக்கொள்ள வேண்டிய பிழைகள். அவற்றைப் பெரும்பாலும் நான்காகப் பிரிக்கலாம். பந்து முகத்தின் நுனிப்பக்கமோ (டோ), ஷாஃப்ட் எனும் தண்டு செருகப்படும் ஹோசல் பக்கமோ (ஹீல்) படுவது ஒன்று. முகத்தின் அடிப்பகுதியில் மெலிதாகப் படுவது இன்னொன்று. பந்துக்கு முன்பே கிளப் தரையில் மோதுவது மூன்றாவது. முகம் திறந்தே வந்து பந்து வலப்பக்கம் வளைந்து போவது நான்காவது. ஒவ்வொன்றையும் கிளப்பின் வெவ்வேறு பகுதி தாங்குகிறது. ஒன்றில் தாராளமாக இருக்கும் கிளப் இன்னொன்றில் கடுமையாக இருக்கலாம். தன் பிழை எது என்று தெரியாமல் கடைக்குப் போகிறவர், தனக்குத் தேவையில்லாத உதவிக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார். (இங்கே வலது, இடது என்று சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கானவை.)

எடையை ஓரத்துக்குத் தள்ளுவது

அயர்னின் பின்பக்கத்தைக் குடைந்து எடையைச் சுற்றோரத்துக்குக் கொண்டுபோன வடிவத்தைப் பரவலாக்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1959இல் அவர் செய்த பட்டர் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் கிளப்), பந்தில் பட்டபோது எழுப்பிய ஒலியாலேயே பிங் என்று பெயர் பெற்றது. பட்டரின் இரு முனைகளிலும் எடையைக் குவித்தால் பந்து நடுவிலிருந்து விலகிப் பட்டாலும் முகம் திரும்புவது குறைகிறது என்பதுதான் அதன் அடிப்படை. 1967இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கிளப் செய்ய இறங்கியவர், அதே கருத்தை அயர்னுக்கும் கொண்டுவந்தார். 1982இல் வெளியான பிங் ஐ2 அயர்ன்களின் வார்ப்பு, பின்பக்கம் குடைந்த இன்றைய கேவிட்டி பேக் கிளப்புகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகையில் தெரிகிறது.

கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீளமான கழியைக் குறுக்கே பிடிப்பதற்குக் காரணம் என்னவோ, அதுதான் இங்கேயும். எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்குத் திருப்புவது கடினம். பள்ளி இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுவே. கிளப் விற்பவர்கள் எம்ஓஐ என்பார்கள். பந்து டோ பக்கம் படும்போது தலை பின்னோக்கித் திரும்பி முகம் திறக்கிறது. அப்போது திசையும் கெடுகிறது, பந்துக்குப் போக வேண்டிய வேகமும் வீணாகிறது. எம்ஓஐ கூடினால் இரண்டு இழப்பும் குறையும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. 7 அயர்னின் தலை சுமார் 270 கிராம். அதைக் கூட்டினால் கிளப்பின் சமநிலையே மாறிவிடும் என்பதால், ஓரத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கிராமையும் நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவருக்கு விதிப்படி எம்ஓஐ உச்சவரம்பு 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர். பெரிய தலை கொண்ட அயர்ன்கள்கூட அதில் ஏறத்தாழப் பாதியைச் சுற்றித்தான் நிற்கின்றன. எனவே டிரைவரில் ஒன்றரை சென்டிமீட்டர் விலகிப் பட்டும் தப்பித்ததைப் போல அயர்னிலும் தப்பிக்கலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. தலையை நீளமாக்கினால் எம்ஓஐ கூடும், கூடவே ரஃபில் (வெட்டாமல் விட்ட புல்பகுதி) புல் அதிகம் பிடித்து இழுக்கும், பங்கர் (மணற்குழி) ஓரத்தில் கிளப்பைக் கையாள்வதும் கடினமாகும்.

ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய அயர்ன் கண்டிப்பானது, வார்ப்பு அயர்ன் இளக்கமானது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பிழை பொறுப்பதைத் தீர்மானிப்பது வடிவமும் எடைப் பரவலும்தான். மென்கார்பன் எஃகை அடித்துச் செய்து, பின்னால் ஆழமாகக் குடைந்த தலை, வார்ப்பில் எடுத்த மெல்லிய பிளேடைவிட (பின்னால் குடையாத சிறிய தலை) நிச்சயம் பொறுமையானது. செய்முறையால் வரும் நடைமுறை வித்தியாசம் கிளப்பை வளைக்க முடிவதில் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத பிழை: முகத்தின் அடியில் படுவது

விளம்பரங்களில் டோ, ஹீல் பற்றித்தான் பேசுகிறார்கள். முகத்தில் பவுடர் தெளித்து அடிக்க வைத்துப் பார்த்தால், நடுத்தர ஆட்டக்காரரின் தடங்கள் பக்கவாட்டில் சிதறுவதோடு, முகத்தில் கிடையாக வெட்டிய பள்ளங்களில் கீழுள்ளவற்றில் கும்பலாக விழுந்திருப்பதையும் பார்க்கலாம். இதன் காரணத்தை எளிய வடிவியலே சொல்லிவிடும்.

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே ஒட்ட வெட்டிய புல்லில் பந்தின் மையம் தரையிலிருந்து 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பந்தைச் சந்திக்கும் கணத்தில் 7 அயர்னின் முகம் 25 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளப்பின் முன்விளிம்பு தரையை உரசியபடி வந்தால், பந்து படும் புள்ளி முகத்தில் அந்த விளிம்பிலிருந்து 13 அல்லது 14 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மெல்லிய பிளேடு ஒன்றின் ஈர்ப்பு மையமோ சுமார் 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் 6 மில்லிமீட்டர். கிளப் இறங்கிக்கொண்டே வந்து பந்தைச் சந்தித்து, அதற்குப் பிறகும் இறங்கினால்தான் அந்த 6 மில்லிமீட்டரை ஈடுகட்ட முடியும். தேர்ந்த ஆட்டக்காரரின் டைவட் (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்குவது இதனால்தான். ஸ்விங்கின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழும் ஆட்டக்காரருக்குத் தரையோடு தரையாக வந்தால் மெலிதாகப் படும், இன்னும் இறக்கினால் மண்ணில் மோதும். நடுவே கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

ஈர்ப்பு மையத்தை 17, 18 மில்லிமீட்டருக்கு இறக்கினால் அந்த இடைவெளி பாதியாகிறது. பல ஆண்டுகளாக அயர்ன் தலைகளை அளந்து பட்டியலிட்டு வந்த ரால்ஃப் மால்ட்பி, பந்தின் பாதி உயரமான 0.84 அங்குலத்தை அளவுகோலாக வைத்து, ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கிளப் ஆட எளிது என்று மதிப்பிட்டார். நடுத்தர ஆட்டக்காரருக்கு இதைவிட உபயோகமான ஒற்றை அளவு வேறில்லை என்பது எங்கள் கருத்து. கடையில் யாரும் இந்த எண்ணைச் சொல்லமாட்டார்கள். ஆனால் கண்ணால் ஓரளவு ஊகிக்கலாம். டோ பக்கம் உயரம் குறைவான முகம், அகலமான சோல் (தலையின் அடிப்பரப்பு), மெல்லிய மேல்விளிம்பு, அடியில் டங்ஸ்டன் ஆகியவை சேர்ந்திருந்தால் மையம் தாழ்ந்திருக்கும். டங்ஸ்டன் எஃகைப் போல இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், சிறு துண்டை அடியில் பதித்தாலே எடை அங்கே குவிந்துவிடுகிறது.

மையத்தை இறக்குவதோடு, அடிப்பகுதியில் முகம் நெளியும்படி செய்வதும் ஒரு வழி. டெய்லர்மேட் தன் சில மாடல்களில் சோலில் ஒரு பிளவை வெட்டுகிறது. காலவே முகத்தைக் கிண்ணம் போலச் செய்து விளிம்புவரை மெலிதாக்கியிருக்கிறது. உட்பக்கம் வெற்றிடமாக விட்டு நுரையோ பாலிமரோ நிரப்பிய தலைகளும் இருக்கின்றன; டெய்லர்மேட் பி790 இந்த வகையில் பெயர்பெற்றது. கீழே பட்ட பந்தும் வேகத்தை அதிகம் இழக்காமல் போவது இவற்றின் பலன். இதே மெல்லிய முகத்தில், எப்போதாவது ஒரு பந்து வழக்கத்தைவிட 8, 10 கெஜம் கூடுதலாகப் பாய்ந்து, குழி இருக்கும் புல்தளமான கிரீனுக்குப் பின்னால் போய் விழுவதும் உண்டு. ரஃபில் புல் இடையே சிக்கிச் சுழற்சி குறையும்போது இது கூடுதலாகத் தெரியும். கிரீனுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும் மைதானத்தில் தொடர்ந்து ஆடுபவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

சோல்

தரையில் மோதும் பிழைக்கு மருந்து சோலின் அகலமும் வடிவமும். அகலமான, லேசாக வளைந்த சோல் மண்ணில் புதையாமல் வழுக்கிக்கொண்டு முன்னே போகிறது. ஒரு சென்டிமீட்டர் முன்பே தரையில் பட்ட அடி, மெல்லிய சோலில் 30 கெஜம் குறைந்து விழும் இடத்தில், அகன்ற சோலில் 10 கெஜத்தோடு தப்பிக்கலாம். செங்குத்தாக இறக்கி ஆழமான டைவட் எடுப்பவருக்கு அகலமும் பவுன்ஸ் கோணமும் (சோல் முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் கோணம்) கூடுதலாக வேண்டும். புல்லை மட்டும் தடவிச் செல்பவருக்கு மிக அகன்ற சோல் எதிராகவே வேலை செய்யும்: கெட்டித் தரையில் சோலின் பின்பகுதி முதலில் பட்டு எகிறி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் மோதும்.

மைதானத்தின் மண்ணும் இதில் சேர்த்தி. சென்னையில் மே மாதத்தில் ஃபேர்வே (குழியை நோக்கிய ஒட்ட வெட்டிய புல்வழி) கட்டாந்தரையாக இறுகியிருக்கும், ஐப்பசி மழையில் அதே இடம் இளகிக் கிடக்கும். ஒரே சோல் இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும் என்றால், நடுத்தர அகலமும் முன்விளிம்பைச் சற்று மழித்த வடிவமுமே பாதுகாப்பு. ஸ்ரிக்ஸன் அயர்ன்களில் காணப்படும் வி வடிவச் சோல் இப்படி இரண்டுக்கும் ஈடுகொடுக்கச் செய்யப்பட்டதுதான்.

செயற்கைப் புல் விரிப்பில் அடித்துப் பார்த்துச் சோலைத் தீர்மானிக்க முடியாது. விரிப்பில் 2 சென்டிமீட்டர் முன்பே மோதினாலும் கிளப் வழுக்கிப் பந்தைச் சந்தித்துவிடும்; திரையில் நல்ல அடியாகவே பதிவாகும். உள்ளரங்கில் மட்டும் அடித்து வாங்கிய அயர்ன் மைதானத்தில் ஏமாற்றுவதற்கு முதல் காரணம் இது. புல்லில் பத்து பந்தாவது அடிக்க விடும் இடத்தில் வாங்குங்கள்.

திசை: ஆஃப்செட்டும் லையும்

ஆஃப்செட் என்பது கிளப்பின் முன்விளிம்பு ஹோசலின் கோட்டிலிருந்து எவ்வளவு பின்தள்ளி இருக்கிறது என்பது. பிளேடில் 2, 3 மில்லிமீட்டரும், ஆட்டத்தை எளிதாக்கும் பெரிய தலைகளில் 4 முதல் 6 மில்லிமீட்டரும் இருக்கும். முகம் பந்தை எட்டச் சற்றே தாமதிப்பதால் மூடிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, பந்து வலப்பக்கம் ஓடுவது குறைகிறது. பந்து ஏற்கெனவே இடப்பக்கம் வளைகிறவருக்கு இது தொல்லை. நடுத்தர ஹேண்டிகேப்பில் கணிசமானவர்கள், வலப்பக்கம் வளையும் பழைய ஸ்லைஸைத் திருத்திக்கொண்டு இப்போது இடப்பக்கம் இழுக்கும் பழக்கத்தில் இருப்பவர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய தன் பிழைக்கு அவர்கள் இன்று கிளப் வாங்கக் கூடாது.

லை என்பது கிளப் தரையில் அமரும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம். இது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பந்து விலகும். முகச் சாய்வு 30 டிகிரி உள்ள கிளப்பில் லை 2 டிகிரி தவறினால், முகம் பார்க்கும் திசை ஏறத்தாழ 1.15 டிகிரி திரும்புகிறது. 150 கெஜத்தில் இது 3 கெஜம். பந்தின் சுழல் அச்சும் சாய்வதால் உண்மையான விலகல் இன்னும் கூடும். முகச் சாய்வு அதிகமான, குறுந்தூரத்துக்கான வெட்ஜ்களில் இதன் விளைவு இன்னும் பெரிது. டோ உயர்ந்து நின்றால் பந்து இடப்பக்கம், ஹீல் உயர்ந்து நின்றால் வலப்பக்கம்.

வீட்டுப் பக்கத்துப் பயிற்சி ரேஞ்சிலேயே இதைச் சோதிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக நிற்க, முகத்தைப் பார்க்கும்படி பந்தை வையுங்கள். வழக்கம்போல அடியுங்கள். முகத்தில் பதிந்த கோடு, பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. ஹீல் பக்கம் சாய்ந்தால் அதிகமாகப் படுத்திருக்கிறது. ஐந்து பந்தில் நான்கு ஒரே மாதிரி காட்டினால் நம்பலாம். பெரிய தலை அயர்ன்களைத் தொழிற்சாலையிலேயே சற்று நிமிர்த்தித்தான் அனுப்புகிறார்கள். அதனால் குள்ளமானவர்களும், கையைத் தாழ்த்திப் பிடிப்பவர்களும் அளக்காமல் வாங்கினால் ஆஃப்செட், லை இரண்டும் சேர்ந்து பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும்.

ஃபோர்ஜ் செய்த மென்கார்பன் தலையை வளைப்பது சுலபம். 17-4 துருவேறா எஃகில் வார்த்த தலையை 2 டிகிரிக்கு மேல் வளைக்கப் பெரும்பாலான பட்டறைகள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஹோசல் முறியும். வெற்றிடத் தலைகளுக்கும் இதே எச்சரிக்கை. ஆகவே இந்த வகை செட்டில் லையை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பந்து எப்படி இறங்குகிறது

கடையில் சொல்லும் தூரத்தை இனிச் சரியாக எடைபோடலாம். டைட்டலிஸ்ட் டி100 மாதிரியான தேர்ந்த ஆட்டக்காரர் அயர்னில் 7 அயர்னின் லாஃப்ட் 34 டிகிரி. பிங் ஐ230இல் 33. டெய்லர்மேட் பி790இல் 30.5. பிங் ஜி430இல் 29. இன்னும் பெரிய தலைகளில் 27, 28வரை போகிறது. பழைய பிளேடுகளில் 35, 36 டிகிரி சகஜம். ஈர்ப்பு மையம் தாழ்ந்த தலை பந்தைத் தானாகவே உயரமாக ஏற்றுவதால், லாஃப்ட்டைச் சற்றுக் குறைப்பதில் பொறியியல் நியாயம் இருக்கிறது. ஆனால் உயரத்தை மீட்டுத் தர முடிந்தாலும், சுழற்சியை அது முழுதாக மீட்டுத் தராது. 7 அயர்னில் நிமிடத்துக்கு 7,000 சுழற்சி என்பது பழைய வாய்ப்பாடு. மெல்லிய முகமும் 28 டிகிரியும் சேர்ந்தால் 5,000 சுழற்சிக்கு இறங்கிவிடுவது சாதாரணம்.

கிரீனில் பந்து நிற்குமா என்பதைக் காட்டும் எண், பந்து தரையிறங்கும் கோணம். பந்தின் பறத்தலை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் முன்பு வெளியிட்ட சராசரிகளில், அமெரிக்க ஆண்கள் தொழில்முறை ஆட்டத்தில் 7 அயர்னின் ஸ்விங் வேகம் மணிக்கு 90 மைல், கேரி (பறக்கும் தூரம்) 172 கெஜம், இறங்கும் கோணம் 50 டிகிரி. பெண்கள் தொழில்முறை ஆட்டமான எல்பிஜிஏவில் வேகம் 76 மைல், கேரி 141 கெஜம், கோணம் 47 டிகிரி. நடுத்தர ஹேண்டிகேப் ஆண் ஆட்டக்காரரின் வேகம் பெரும்பாலும் 75 முதல் 82 மைலுக்குள் இருப்பதால், அவர் ஒப்பிட வேண்டியது இரண்டாவது வரிசையோடுதான். 7 அயர்னில் 45 டிகிரி கிடைத்தால் நல்லது. 42வரை சமாளிக்கலாம். 40க்குக் கீழே போனால், கெட்டியான கிரீனின் நடுவில் விழுந்த பந்தும் பின்னால் ஓடிவிடும். 155 கெஜம் பறந்து 38 டிகிரியில் இறங்கும் 7 அயர்னைவிட, 146 கெஜம் பறந்து 46 டிகிரியில் இறங்கும் 7 அயர்ன் ஸ்கோர் அட்டையில் அதிகம் உதவும். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மலை மைதானங்களில் ஆடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொடைக்கானலும் நுவரெலியாவும் ஏறத்தாழ 1,900 முதல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மெலிந்த காற்றில் பந்து தூரம் போகும், அதே காரணத்தால் தட்டையாகவும் இறங்கும். கடற்கரை ஊரில் 42 டிகிரியில் சமாளித்தவரின் பந்து அங்கே நிற்காது.

லாஃப்ட் குறைந்தால் செட்டின் இரு முனைகளிலும் சிக்கல் முளைக்கிறது. கீழ் முனையில், பிட்சிங் வெட்ஜ் 41 முதல் 43 டிகிரியில் வந்துவிடும். பையில் ஏற்கெனவே இருக்கும் 52, 56 டிகிரி வெட்ஜ்களோடு இதைச் சேர்த்தால் நடுவே 10 டிகிரி வெற்றிடம். 90லிருந்து 115 கெஜம்வரை முழு ஸ்விங்குக்குக் கிளப்பே இல்லாமல் போகும். கிளப்புகளுக்கு இடையே 4, 5 டிகிரிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். செட்டோடு வரும் கேப் வெட்ஜையும் சேர்த்தே வாங்கிவிடுவது எளிய தீர்வு.

மேல் முனை இன்னும் மோசம். இந்த வகைச் செட்டுகளில் 5 அயர்ன் 22 டிகிரியைச் சுற்றி வருகிறது. ஒரு காலத்தில் அது 3 அயர்னின் சாய்வு. கிளப் வடிவமைப்பாளர் டாம் விஷன் முன்வைத்த 24/38 விதி இங்கே நினைவில் இருக்கட்டும்: 24 டிகிரிக்குக் குறைந்த சாய்வும் 38 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமும் உள்ள அயர்னைச் சராசரி ஆட்டக்காரரால் தொடர்ந்து நன்றாக அடிக்க முடியாது. 7 அயர்னில் 80 மைல் வேகத்தைத் தொடாதவர் 4, 5 அயர்ன்களை வாங்குவதையே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் 22, 25 டிகிரி ஹைப்ரிட்களோ (அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட கிளப்) 7 வுட்டோ (பெரிய தலையுள்ள கிளப்) வைக்கலாம். 7 வுட் ஒன்றை மட்டும் வைத்தால் 14 கிளப் வரம்புக்குள் ஓர் இடமும் மிச்சமாகும். அது கேப் வெட்ஜுக்குப் போகட்டும்.

ஷாஃப்ட்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். எடையை முதலில் தீர்மானியுங்கள், விறைப்பு பிறகு. 130 கிராம் எடையுள்ள டைனமிக் கோல்டு எஸ்300 பல தலைமுறையாகக் கடைகளில் கிடைப்பதாலேயே பலர் பைக்குள் வந்துவிடுகிறது. 75 முதல் 82 மைல் வேகக்காரருக்கு நிப்பான் என்எஸ் புரோ 950ஜிஎச் போன்ற 95 கிராம் சுற்றிய எஃகு ஷாஃப்டோ, 80, 90 கிராம் கிராஃபைட்டோ பெரும்பாலும் பொருந்தும். ஷாஃப்ட் கனமாக இருந்தால் பதினான்காம் குழிக்கு மேல் தடங்கள் ஹீல் பக்கமும் அடிப்பக்கமும் நகரும். மிக இலேசாக இருந்தால் தாளம் அவசரப்பட்டு, தரையில் மோதுவது கூடும். முழங்கை வலி உள்ளவர் தயங்காமல் கிராஃபைட்டுக்குப் போகலாம். அது வயதானவர்களுக்கு மட்டும் உரியது என்ற காலம் போய்விட்டது.

கடையில் எப்படிச் சோதிப்பது

போவதற்கு முன் இரண்டு வாரம் தன் பழைய 7 அயர்னின் முகத்தில் பவுடர் தெளித்து அடித்து, தடங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டால்கம் பவுடரை ஈரத் துணியால் மெலிதாகத் தடவினாலும் போதும். முப்பது, நாற்பது தடம் சேர்ந்தால் தன் பிழை எதுவென்று தெரிந்துவிடும்: பக்கவாட்டுச் சிதறலா, அடியில் படுவதா, இரண்டுமா. அடியில்தான் கும்பல் என்றால், எம்ஓஐ பற்றிய விளம்பரத்தைத் தள்ளிவிட்டுத் தாழ்ந்த ஈர்ப்பு மையத்தைத் தேடுங்கள். தடம் நடுவிலேயே இருந்தும் பந்து இடப்பக்கம் போகிறதென்றால் பிரச்சினை லையிலோ முகத்திலோ இருக்கிறது. பெரிய தலை அதைத் தீர்க்காது.

கடைக்குப் பழைய 7 அயர்னையும், மைதானத்தில் ஆடும் அதே ரகப் பந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரேஞ்ச் பந்தில் சுழற்சியும் தூரமும் மாறும், அதை வைத்து எடுக்கும் முடிவும் மாறும். உடம்பு சூடாகும்வரை அடித்துவிட்டு, ஒவ்வொரு கிளப்பிலும் பத்து பந்து. இடையே எதையும் அழிக்கக் கூடாது. பல கடைகளில் மோசமான அடிகளைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு மிச்சத்தின் சராசரியைக் காட்டுவார்கள். நாம் பார்க்க வந்ததே அந்த மோசமான அடிகளைத்தான். மிகக் குறைந்த மூன்று கேரிகளின் சராசரி, நீண்ட அடிக்கும் குறைந்த அடிக்கும் உள்ள வித்தியாசம், இறங்கும் கோணம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து பந்தில் முன்பின் வித்தியாசம் 25 கெஜத்திலிருந்து 16 கெஜமாகக் குறைந்தால், அந்தக் கிளப் உண்மையாகவே பிழை பொறுக்கிறது.

அடுத்து, எண்ணை விட்டுவிட்டுச் சாய்வை ஒப்பிடுங்கள். பழைய 7 அயர்ன் 34 டிகிரி என்றால், புதிய செட்டில் 33, 34 டிகிரி எது என்று கேட்டு, பெரும்பாலும் அது 8 அயர்னாக இருக்கும், அதை அடித்துப் பாருங்கள். தூரம் சமமாக இருந்து, உயரமும், பந்துகள் விழும் நெருக்கமும் கூடியிருந்தால் தலையின் வடிவம் உதவுகிறது என்று பொருள். நெருக்கம் அப்படியே இருந்து, 7 என்ற எண்ணில் மட்டும் தூரம் கூடியிருந்தால், கூடுதல் விலைக்குக் கிடைத்தது சாய்வு மாற்றம் மட்டுமே. பிறகு செட்டின் மிக நீளமான அயர்னையும் பிட்சிங் வெட்ஜையும் கட்டாயம் அடியுங்கள். 7 அயர்னை மட்டும் பார்த்துச் செட் வாங்குகிறவர்கள்தான் பிறகு இந்த இரண்டிலும் சிரமப்படுகிறார்கள்.

ஆட்டம் முன்னேறும்போது இந்தக் கிளப்பைத் தாண்டிப் போய்விடுவோமோ என்று பலர் தயங்கி, எதிர்காலத்துக்காகச் சிறிய தலையை வாங்குகிறார்கள். இது வீண். 16லிருந்து 10க்கு இறங்குவது, மோசமான அடிகள் குறைவதால்தான் நடக்கிறது. அதைத் தடுக்கும் கிளப்பை வைத்துக்கொண்டு அங்கே போவது கடினம். ஹேண்டிகேப் 15க்கு மேல், அடியிலும் மண்ணிலும் படுபவருக்குப் பிங் ஜி430, டைட்டலிஸ்ட் டி350, மிசுனோ ஜேபிஎக்ஸ் ஹாட் மெட்டல் வரிசை சரி. 10 முதல் 14க்குள், தடங்கள் ஓரளவு குவியத் தொடங்கியவருக்கு டைட்டலிஸ்ட் டி200, ஸ்ரிக்ஸன் இசட்எக்ஸ்5, பிங் ஐ230 போன்றவை. இரண்டு மனமாக இருப்பவர் 8 அயர்னிலிருந்து கீழே சிறிய தலையும், 5 முதல் 7வரை பெரிய தலையுமாகக் கலந்து வாங்கலாம். அப்படிக் கலக்கும்போது இணையும் இடத்தில் 7க்கும் 8க்கும் நடுவே லாஃப்ட் 4 அல்லது 5 டிகிரி இடைவெளியில் அமைகிறதா என்று பாருங்கள். வேறு வேறு வரிசைகள் என்பதால் அங்கே இடைவெளி 3 ஆகவோ 7 ஆகவோ விழுந்துவிடும்.

பழைய செட் வாங்குவதில் தவறில்லை. மூன்று, நான்கு வருடத்துக்கு முந்தைய தலைகளுக்கும் இன்றையவற்றுக்கும் பொறுமையில் பெரிய வித்தியாசம் இல்லை. பணத்தை மிச்சம் பிடித்துப் பொருத்தம் பார்ப்பதற்குச் செலவிடலாம். பள்ளங்களின் விளிம்பு நகத்தில் தட்டுப்படுகிறதா, முகத்தின் நடுவே தேய்ந்து பளபளக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக 9 அயர்னிலும் பிட்சிங் வெட்ஜிலும். ஷாஃப்டின் கீழ் வளையத்தைச் சுற்றித் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். போலிகள் நிறையப் புழங்குகின்றன. ஹோசலில் வரிசை எண் இல்லாமலோ, ஷாஃப்ட் ஸ்டிக்கரில் எழுத்துப் பிழையோடோ, நம்ப முடியாத விலையில் உறை பிரிக்காமலோ வரும் செட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. வாங்கியதும் ஒரு பட்டறையில் எட்டு கிளப்பின் லாஃப்ட்டையும் லையையும் அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. முந்தைய உரிமையாளர் வளைத்திருக்கலாம், விரிப்பில் அடித்து அடித்துத் தானாகவும் நகர்ந்திருக்கலாம். 8, 9 இரண்டும் ஒரே தூரம் போகும் செட்டுகளில் பல, இப்படி அளந்து திருத்தியதும் சரியாகிவிடுகின்றன. லாஃப்ட்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும் என்பதைப் பட்டறைக்காரரிடம் பேசும்போது மறக்க வேண்டாம்.